உப்பு வெளியில் துணி மாளிகை

மனிதன் வீடு கட்டிக்கொள்ளக் கற்று ஆயிரக்கணக்கான வருஷங்கள் ஆகின்றன. குகையிலிருந்து குடிசைக்கும், குடிசையிலிருந்து ஓட்டு வீட்டுக்கும், அங்கிருந்து மாடி வீட்டுக்கும் வந்து சேர்வதற்குள் அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமன்று. காற்றைத் தடுக்கச் சுவர், மழையைத் தடுக்கக் கூரை, பூச்சி பொட்டுகளைத் தடுக்கக் கதவு, கொசுவைத் தடுக்க வலை என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, கடைசியில் நிம்மதியாகக் காலை நீட்டிப் படுக்கும் நிலையை அடைந்தான். இவ்வளவும் ஆன பிறகு, அந்த வீட்டைப் பூட்டிச் சாவியை அண்டை வீட்டில் கொடுத்துவிட்டு, எங்கேயோ ஒரு பொட்டல் வெளியில் துணியைக் கட்டிக்கொண்டு அதற்குள் தூங்கப் போவானேன்? அதற்காகக் கைப்பணத்தையும் செலவழிப்பானேன்? இந்தக் கேள்விக்குத் திருப்தியான விடையை யாரும் நமக்குச் சொன்னதில்லை.

இது அநுபவமில்லாமல் ஏற்பட்ட அபிப்பிராயம் அன்று. பள்ளிக்கூட நாட்களில் சாரணர் படையில் சேர்ந்து ஆற்றங்கரையில் மூன்று நாள் முகாம் போட்டிருக்கிறோம். அந்த மூன்று நாட்களில் உப்புமாவிலே மணல் இருந்ததா, மணலிலே உப்புமா இருந்ததா என்பதை இன்னமும் நிச்சயிக்க முடியவில்லை. இரவில் எறும்புகள் நமது முதுகின் மீது ராஜபாட்டை அமைத்துக்கொண்டு போய் வந்தன. அதிகாலையில் செம்பை எடுத்துக்கொண்டு புதரைத் தேடிப் போன விஷயத்தைப் பத்திரிகையில் விஸ்தரிப்பது உசிதமாகாது. அன்று முதல் இயற்கையைப் பலகணி வழியாக ரசிப்பதே உத்தமம் என்ற கொள்கையை அநுசரித்து வந்திருக்கிறோம்.

இந்தக் கொள்கைக்கு நமது இல்லத்தரசியால் ஆபத்து வந்தது. இப்போது உலகத்தில் 'கிளாம்பிங்' என்று ஒரு புதிய வழக்கம் பரவியிருக்கிறதல்லவா? ஆடம்பரத்தைக் குறிக்கும் 'கிளாமர்' என்ற சொல்லையும், கூடாரம் அடிப்பதைக் குறிக்கும் 'கேம்பிங்' என்ற சொல்லையும் ஒட்டுப்போட்டுச் செய்த பதம் அது. கட்டில், மெத்தை, மின்சார விளக்கு, வெந்நீர் எல்லாவற்றுடனும் கூடாரத்தில் வாசம் செய்வது என்று அர்த்தம். கட்ச் பிரதேசத்தில் தோர்டோ என்ற கிராமத்துக்கு அருகே, வருஷந்தோறும் குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கான கூடாரங்களைக் கொண்டு ஒரு நகரமே எழும்புகிறது என்று அவள் எங்கேயோ படித்துவிட்டாள்.

"உங்களை நான் தரையிலா படுக்கச் சொல்லுகிறேன்? கூடாரம் என்பது பெயருக்குத்தான்" என்றாள்.

"பெயருக்குத்தான் என்றால், பெயரைக் கேட்டதோடு நிறுத்திக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடலாமே!" என்றோம்.

இதற்கு அவள் பதில் சொல்லவில்லை. பௌர்ணமி என்றைக்கு என்று பஞ்சாங்கத்தில் பார்க்க ஆரம்பித்தாள். இல்லறத்தில் அநுபவமுள்ள நேயர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

சென்னையிலிருந்து ஆமதாபாத்துக்கு நவஜீவன் எக்ஸ்பிரஸில் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அங்கிருந்து கட்ச் ஜில்லாவின் தலைநகரமாகிய புஜ் வரையில் ரயிலிலேயே போகலாம். பகலில் ஊரைப் பார்த்துக்கொண்டு போகலாமென்று நாம் மோட்டார் வண்டி ஒன்றை அமர்த்திக்கொண்டோம். வண்டியோட்டி பச்சாவ் என்னும் ஊர்க்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசாதவர். ஹிந்தி பிரசார சபையில் ராஷ்டிரபாஷா பரீட்சை வரையில் தேறிய நமது இல்லத்தரசிக்கு, அத்தனை வருஷத்துப் படிப்பை உபயோகிக்க ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது.

சூரஜ்பாரி பாலத்தை நெருங்கும்போது இருபுறமும் வெள்ளைக் குன்றுகள் தோன்றின. அவ்வளவும் உப்பு. நம் தேசத்தில் விளையும் உப்பில் நாலில் மூன்று பங்குக்கு மேல் இந்தக் குஜராத் ராஜ்யத்தில்தான் விளைகிறது. 1930-ல் மகாத்மா தண்டிக் கடற்கரையில் ஒரு பிடி உப்பை எடுத்ததும், அதே வருஷத்தில் ராஜாஜி வேதாரணியத்துக்கு நடந்ததும் நினைவுக்கு வந்தன. பாலத்துக்குக் கிழக்கே சின்ன ரண் என்ற சமவெளி பரந்து கிடக்கிறது. அங்கே உப்பு விளைவிக்கும் அகரியா ஜனங்கள் மழை ஓய்ந்ததும் குடும்பத்தோடு உள்ளே போய், அடுத்த கோடை முடியும் வரையில் அந்தப் பொட்டலிலேயே தங்குகிறார்கள். கிணறு தோண்டி உவர்நீரை இறைத்து, பாத்தி பாத்தியாக ஓட்டி, வெயிலில் வற்ற விட்டு, நாள் தவறாமல் மரவாரியால் கிளறிக் கொடுக்க வேண்டும். குடிநீர் வண்டியில் வருகிறது. சாக்கும் தார்ப்பாயும் போர்த்த குடிசைகள்தான் வாசஸ்தலம். சாலையிலிருந்து தொலைவில் அப்படி ஒன்று கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தது.

"அவர்களும் கூடாரத்தில்தான் இருக்கிறார்கள்" என்றாள் இல்லத்தரசி. நாம் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியோட்டி மாத்திரம் கண்ணாடியில் நம்மை ஒரு தடவை பார்த்தார்.

புஜ்ஜுக்கு வடக்கே சிறிது தூரத்தில் கடக ரேகையைத் தாண்டுகிறோம். சாலையோரத்தில் அதற்கு ஒரு பலகை நாட்டியிருக்கிறார்கள். அதற்கப்பால் பன்னீ என்ற பிரமாண்டமான மேய்ச்சல் வெளி. ஒரு காலத்தில் ஆசியாவிலேயே சிறந்த புல்வெளிகளில் ஒன்றாக இருந்ததாம். இப்போது பாதிக்கு மேல் நமது சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. இராமநாதபுரத்துவாசிகள் பார்த்தால் சொந்த ஊருக்கே வந்துவிட்டதாக நினைப்பார்கள். உப்பு பரவாமல் தடுப்பதற்காக 1960-களில் சர்க்கார் இதை விதைத்தார்கள். உப்பு நின்றதோ இல்லையோ, கருவேலம் நிற்கவில்லை. இந்த ஊரார் அதற்குப் 'பைத்தியக்காரக் கருவேல்' என்று அர்த்தம் வரும்படி பெயர் வைத்திருக்கிறார்கள். பிரண்டியாரா என்ற கிராமத்தில் உள்ளே செல்வதற்கு அநுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அங்கே எருமைப்பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்யும் பால்கோவா மிகவும் பிரசித்தம். அநுமதிச் சீட்டுக்காக நின்ற நேரத்தை அதிலே கழித்தோம்.

கடைசியாகக் கூடார நகரத்தை அடைந்தோம். வரிசை வரிசையாக வெண்ணிறக் கூடாரங்கள். நடுவே பாதைகள், விளக்குக் கம்பங்கள், போஜன சாலைகள். நமது கூடாரத்தின் திரையை விலக்கிப் பார்த்தோம். இரட்டைக் கட்டில், கம்பளம், நாற்காலி, மேஜை, அலமாரி, குளிரூட்டும் யந்திரம் எல்லாம் இருந்தன. பின்புறத்தில் ஸ்நான அறை. குழாயைத் திருகினோம், வெந்நீர் வந்தது. செம்பும் புதரும் இனி வேண்டாம் என்று தெரிந்ததும் நமது மனம் பாதி சமாதானமடைந்துவிட்டது. துணிச் சுவரில் 'ஜிப்' வைத்த வாசல். அதற்கு ஒரு சிறு பூட்டு. துணியைப் பூட்டி வைப்பதில் உள்ள வேடிக்கையை நாம் ரசித்துக்கொண்டிருந்தபோது கூடாரத்துப் பணியாள் வெந்நீர்க் கூஜாவுடன் வந்தான். பக்கத்துப் பன்னீ கிராமத்து மால்தாரி இளைஞன். மால்தாரிகள் என்றால் கால்நடை வளர்க்கும் இடையர்கள்.

"எங்கள் பாவாவை ஒரு நாள் அழைத்துவந்து காட்டினேன், ஸாஹேப். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'வெளியே இருக்க விரும்புகிறவன் ஏன் பூட்டிக்கொள்கிறான்? உள்ளே இருக்க விரும்புகிறவன் ஏன் துணியில் கட்டுகிறான்?' என்று கேட்டார்" என்றான்.

அந்தப் பெரியவரை நேரில் கண்டு கைகுலுக்க வேண்டும் என்று நமக்கு ஆசை உண்டாயிற்று.

ஆனால், நியாயமாகப் பேசினால், கூடாரத்தில் ஆடம்பரம் என்பது இன்று நேற்று வந்ததன்று. அக்பர் சக்கரவர்த்தியின் முகாமைப் பற்றி அபுல் பசல் எழுதி வைத்திருக்கும் கணக்கைப் பாருங்கள். ஒரு முகாமைத் தூக்கிச் செல்ல 100 யானைகள், 500 ஒட்டகங்கள், 400 வண்டிகள், 100 சுமைகூலிகள். கூடாரம் அடிப்பவர்கள் மட்டும் 1000 பேர். மண் வெட்டுவோர் 500 பேர். தண்ணீர் தெளிக்க 100 பேர். தச்சர் 50 பேர். பெருக்குவோர் 150 பேர். காவலுக்குக் குதிரை வீரர் 500 பேர். மொகலாயர்கள் இம்மாதிரி இரண்டு ஜோடி முகாம் வைத்திருப்பார்கள். பாதுஷா ஒன்றில் தூங்கும்போது மற்றொன்று முன்னால் போய் அடுத்த இடத்தில் தயாராக நிற்கும். ஆகவே சக்கரவர்த்தி எத்தனை தூரம் போனாலும் அதே வீட்டில்தான் இருப்பார், இடந்தான் மாறும். அதே அக்பர், 1573-ல் குஜராத்தில் கலகம் மூண்டதென்று கேட்டதும், இந்தச் சம்பிரமம் அனைத்தையும் விட்டுவிட்டுக் கொஞ்சம் வீரர்களோடு பத்து நாட்களுக்கு அருகில் ஆமதாபாத்துக்குப் பறந்து வந்தார். ஆயிரம் பேர் அடித்துக் கொடுக்கும் கூடாரம் அவசரத்துக்கு உதவாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்தக் கணக்கில் நமது கவனத்தைக் கவர்ந்தது பெருக்குகிற 150 பேர்தான். தோர்டோவிலும் அப்படியே. மாலையில் முகாமைச் சுற்றி வந்தபோது, போஜன சாலைக்குப் பின்புறமாக, விளக்கு அதிகமில்லாத இடத்தில் வேறு வரிசைக் கூடாரங்கள் இருப்பதைக் கண்டோம். கம்பளம் இல்லை, யந்திரம் இல்லை. கயிற்றுக் கட்டில்களும் கொடியில் உலரும் சட்டைகளுந்தான். சமையற்காரர்களும், வண்ணார்களும், மின்சாரம் பார்ப்பவர்களும் அங்கே தங்குகிறார்கள். குளிர்காலம் முழுவதும், தூசியிலும் பனியிலும், கூடார வாசம் என்று நாம் பயந்ததை அவர்கள்தாம் செய்துகொண்டிருக்கிறார்கள். நமக்கு வேண்டாத கஷ்டம் எங்கேயும் போய்விடவில்லை, பின்வரிசைக்குப் போயிருக்கிறது. இதற்காக முகாம்காரர்களைக் குறை சொல்லுவதற்கில்லை. எந்த ஹோட்டலிலும் இதே கதைதான். ஆனால் ஹோட்டலில் செங்கல் சுவர் மறைக்கிறது. இங்கே துணி அவ்வளவு நன்றாக மறைக்கவில்லை.

போஜனம் குஜராத்தி முறையில் பிரமாதமாக இருந்தது. பருப்பிலும் கொஞ்சம் வெல்லம் போட்டுவிடுகிறார்கள் என்பதைத் தவிரக் குறையில்லை. பிறகு நாட்டுப் பாட்டும் நடனமும். மதுவிலக்கு ராஜ்யமாகையால் குழந்தை குட்டிகளுடன் குடும்பங்கள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தன.

முதல் நாள் இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. முல்லைப்பாட்டில் காட்டினிடையே பாசறை அமைத்துத் தங்கும் அரசன் ஒருவன் வருகிறான். அவனுக்கும் ஆடம்பரமான கூடாரந்தான். யவனர் காவல் இருக்கிறார்கள், பெண்கள் விளக்கு ஏற்றுகிறார்கள், நாழிகை அளந்து சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். எல்லாம் இருந்தும் அவன் தூங்கவில்லை. புண்பட்ட யானைகளையும் குதிரைகளையும் வீரர்களையும் எண்ணிக்கொண்டு விழித்திருக்கிறான். நமக்கு அவ்வளவு உன்னதமான காரணம் எதுவுமில்லை. தலைமாட்டில் வெப்பமூட்டும் யந்திரம் உறுமிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"அதை நிறுத்திவிடுங்கள்" என்றாள் இல்லத்தரசி.

"குளிருமே!"

"இரண்டு ரஜாய் இருக்கிறதே."

நிறுத்தினோம். வெளியே உஷ்ணம் 10 டிகிரிக்கு அருகில் இருந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் குளிர் துணிக்குள் நுழைந்து மூக்கின் நுனியைத் தொட்டது. ஆனால் குளிரோடு வேறொன்றும் நுழைந்தது. முதலில் காற்று கூடாரக் கயிற்றில் உராயும் மெல்லிய ஓசை. அப்புறம் எங்கோ ஒரு நாயின் குரைப்பு. பிறகு, வெகு தூரத்தில், பல கனமான கால்கள் நிதானமாக நடக்கும் சப்தம். நடுநடுவே ஒரு பெருமூச்சு. ஒரே ஒரு மணி. பன்னீ எருமைகள் இரவில்தான் மேயும், விடியற்காலையில் தாமாகவே வீடு திரும்பும் என்று அந்த இளைஞன் சொல்லியிருந்தான். செங்கல் வீட்டில் அது நம் காதில் விழுந்திருக்காது. அந்த மணியைக் கேட்டுக்கொண்டே எப்போது தூங்கினோமோ தெரியாது. கொடுத்த பணத்தில் பெரும்பகுதி யந்திரத்துக்கும் கம்பளத்துக்கும் போயிற்று. நமக்குக் கிடைத்த லாபமோ யந்திரத்தை நிறுத்திய பிறகு கிடைத்ததுதான்.

மறுநாள் காலையில் காலா டுங்கர் என்ற கரிய மலைக்குப் போனோம். உயரம் சுமார் 460 மீட்டர். கட்ச் ஜில்லாவில் இதற்கு மிஞ்சிய உயரம் இல்லை. உச்சியில் தத்தாத்ரேயர் கோயில் இருக்கிறது. அங்கே நரிகளுக்குப் பிரசாதம் வைப்பது வெகு காலத்து வழக்கம். மலைமேலிருந்து வடக்கே பார்த்தால் வானமும் பூமியும் சேரும் கோடு எங்கே என்று புலப்படுவதில்லை. எல்லாம் ஒரே வெண்மை.

இறங்கும் வழியில் வட்டமான மண் வீடுகளைக் காட்டினார் வண்டியோட்டி. கூம்பு வடிவில் புல் கூரை. சுவரில் கண்ணாடிச் சில்லுகள் பதித்த வேலைப்பாடு. அதற்குப் 'பூங்கா' என்று பெயர். நம்முடைய பூந்தோட்டத்துக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. "பூகம்பத்தில் இவை பெரும்பாலும் விழவில்லை. எங்கள் ஊர் மாடி வீடுகள் விழுந்தன" என்றார். அதுவரையில் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், அதற்குப் பிறகு வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசினார்.

2001-ம் வருஷம் ஜனவரி மாதம் 26-ந் தேதி, குடியரசு தினத்தன்று காலை எட்டே முக்கால் மணி சுமாருக்குக் கட்ச் நாட்டைப் பூகம்பம் உலுக்கியது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். பச்சாவ் நகரம் அநேகமாகத் தரைமட்டமாயிற்று. அஞ்சாரில் கொடி பிடித்து ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள், குறுகலான தெருவில் இருபுறத்து வீடுகளும் சாய்ந்து மடிந்தார்கள். இப்போது புஜ்ஜில் குன்றின் மேல் ஸ்மிருதிவனம் என்ற நினைவாலயம் இருக்கிறது. வண்டியோட்டிக்கு அப்போது பத்து வயது.

"அந்த வருஷம் எங்கள் ஊரில் ஏழை, பணக்காரன் எல்லாரும் கூடாரத்தில்தான் இருந்தோம், பஹன்ஜி. தெருவில் துணி கட்டி அம்மா அதற்குள்ளேயே சமைப்பாள். ஏப்ரல் மாதத்தில் உள்ளே உட்கார முடியாது. மழை வந்தால் நிற்கவும் முடியாது. இரண்டு மழைக்காலம் அப்படி இருந்தோம். புது வீடு கட்டிக் குடி போன முதல் நாள் ராத்திரி யாரும் தூங்கவில்லை. எல்லாரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குக் கூடாரம் பிடிக்காது. ஆனால் கூடாரம் விழுந்து யாரும் செத்ததில்லை."

முகாமில் வண்டியோட்டிகளுக்கென்று படுக்கை கொடுக்கிறார்களே, அங்கே ஏன் தங்கவில்லை என்று இல்லத்தரசி கேட்டாள். "அதுவும் துணிதானே" என்று சிரித்துவிட்டு, வண்டியிலேயே படுத்துக்கொள்வதாகச் சொன்னார். வெளியிலே படுப்பதை வெறுப்பதாக நாம் இத்தனை நாளும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தோமே, அந்தப் பேச்சை அதற்கப்புறம் அவர் எதிரில் எடுக்கவில்லை.

அன்று பௌர்ணமி. இரவு ஒட்டக வண்டியில் ஏறி வெள்ளை ரண்ணுக்குப் போனோம். மழைக்காலத்தில் கடல்நீரும் ஆற்றுநீரும் புகுந்து இந்தப் பிரதேசம் முழுவதையும் ஆழமில்லாத ஏரியாக்கிவிடுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் நீர் வற்றி உப்புப் படிகிறது. பகலில் கண்ணைக் கூச வைக்கும் அந்த வெண்மை நிலவில் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. பாலைக் கொட்டியது போல் என்று எழுதக் கை துடிக்கிறது. ஆனால் அது சரியன்று. பாலில் ஓர் இதம் உண்டு; இதில் இல்லை. காலடியில் உப்பு மொறுமொறுவென்று நொறுங்குகிறது. ஒரு மரமில்லை, ஒரு கல் இல்லை. நிலவு ஒளிந்துகொள்வதற்கும் மனிதன் ஒளிந்துகொள்வதற்கும் இடமே இல்லை. கூட்டம் ஆரம்பத்தில் கூச்சலிட்டுக்கொண்டுதான் வந்தது. நூறு கஜம் நடந்ததும் ஒவ்வொருவராகக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். யாரும் அமைதியாயிருக்கும்படி சொல்லவில்லை. இல்லத்தரசி குனிந்து ஒரு பொடி உப்பை நாக்கில் வைத்துப் பார்த்து, "கரிக்கிறது" என்றாள். வேறு என்ன செய்யும் என்று எதிர்பார்த்தாளோ!

அந்தக் காட்சிக்காக மறுபடியும் வருவீர்களா என்று நேயர்கள் கேட்பார்கள். வருவோம். ஆனால் மூன்று இரவு வேண்டியதில்லை. பௌர்ணமியை ஒட்டி ஓர் இரவு போதும். மற்ற இரவுகளில் ஊருக்குள்ளே பூங்கா வீடுகளை வாடகைக்கு விடுகிறார்கள். மண் சுவருக்குள் படுத்துக்கொள்ளலாம். பணமும் அந்த வீட்டுக்காரர் கைக்கு நேராகப் போகும். கூடார நகரத்தில் ஓர் இரவுக்கு ஆகும் செலவு, நம் ஊரில் ஒரு சின்ன வீட்டுக்கு ஒரு மாத வாடகை என்பதையும் எச்சரிக்கையாகச் சொல்லி வைக்கிறோம். கம்பளிச் சட்டை அவசியம் வேண்டும். யந்திரத்தை நிறுத்திவிடவும்.

மூன்றாம் நாள் கழித்து விடியற்காலையில் புறப்பட்டோம். பங்குனி வந்தால் கூடாரங்களைப் பிரித்துச் சுருட்டிவிடுவார்களென்றும், தான் பாவாவோடு பால் கறக்கப் போய்விடுவானென்றும் சொல்லிக்கொண்டே அந்த இளைஞன் நமது பெட்டிகளை வண்டியில் வைத்தான். இரண்டு மைல் போயிருப்போம். இரவெல்லாம் மேய்ந்துவிட்டு எருமைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தன. கறுத்துப் பெருத்த உடல். உள்நோக்கிச் சுருண்ட கொம்பு. முழங்கால் வரையில் உப்புப் புழுதி. ஓட்டிவர ஆள் யாரும் இல்லை. வண்டியோட்டி ஊதுகுழலை அடிக்கவில்லை. யந்திரத்தை நிறுத்திவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நடுவில் வந்த எருமையின் கழுத்தில் ஒரு மணி இருந்தது.